ஒண்ணாம் ஆட்டக்காரர்

உக்காருங்க, உக்காருங்க, சீட்டு காலிதானுங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். பெருமாநல்லூர் வரைக்கும் இங்க ஒருத்தர் உக்காந்துட்டு வந்தாருங்க. நல்லாத்தான் பேசிட்டு வந்தோம். என்ன நினைச்சாரோ, எந்திரிச்சு முன்னால போயி கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டாரு. உக்கார எடம் இருக்கறப்ப நிக்கறாரு பாருங்க. சனங்களைப் புரிஞ்சுக்கவே முடியறதில்லை. நீங்க எது வரைக்கும்? உடுமலையா? நல்லதாப் போச்சு, நானும் உடுமலைதான்.

பையில என்னத்தை இத்தனை பத்திரமாப் புடிச்சிருக்கான்னு பாக்கறீங்க. சாப்பாடு இல்லைங்க. வீடியோ கேம். சிரிச்சுக்குங்க, பரவால்ல. நாப்பத்தொம்பது வயசு ஆளு, மீசை நரைச்சுப் போச்சு, இவன் மடியில வீடியோ கேமான்னு யாருக்கும் தோணுந்தான். பழைய காலத்து ஆட்டமெல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் போட்ட கைப்பெட்டிங்க. உள்ளங்கை அகலந்தான் இருக்கும், உள்ள இருநூத்திச் சொச்சம் ஆட்டம். பாதி, குதிச்சுக் குதிச்சுக் குழி தாண்டிப் போற ஆட்டம். மீதி, ரெண்டு பேரு நேருக்கு நேரா நின்னு அடிச்சுக்கற ஆட்டம். இதோ, இந்த வயர் நுனியில தனியா ஒரு கைப்புடி. டிவியில மாட்டிட்டா ரெண்டு பேரு ஆடலாம். பெட்டியைப் புடிச்சிருக்கறவன் ஒண்ணாம் ஆட்டக்காரன், வயரைப் புடிச்சிருக்கறவன் ரெண்டாம் ஆட்டக்காரன். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

இந்தப் பெட்டியாலதானுங்க என்ற குடும்பம் சந்தி சிரிச்சுப் போச்சு. பெட்டி என்ன பண்ணும், பாவம். என்ற சம்சாரம். கலாமணின்னு பேரு. மூணு வருசமா என்னைய ஏமாத்தியிருக்காங்க. நீங்க வேற என்னமோ நினைச்சுக்காதீங்க. அந்த மாதிரியெல்லாம் இல்லை, தங்கமானவ. அதைவிட மோசமான ஏமாத்துங்க இது. கேட்டா உங்களுக்கே வயிறு எரியும்.

நான் யாருன்னு சொல்லலையே. தெய்வசிகாமணிங்க, கோபியில எடை மேடை வெச்சிருக்கேன். லாரி வந்து ஏறி நின்னு எடை பாக்குமே, அதுதான். இருவத்திரண்டு வருசம். என்ற மேடையில ஒரு கிலோ முன்ன பின்ன வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசையை எடுத்துக்கறேன். லாரிக்காரனுக இருக்கானுகளே, காலி வண்டி எடை போடறப்ப கிளீனரை உள்ள படுக்க வெச்சுக்குவானுக, தண்ணி டிரம்மை ரொப்பி வெச்சுக்குவானுக. நான் கதவைத் தொறந்து பாத்துத்தான் எடையே போடுவேன். எறங்குடான்னா எறங்கித்தான் ஆவோணும். அப்பேர்ப்பட்ட ஆளை, ஊட்டுக்குள்ளயே வெச்சு, மூணு வருசம். எப்பிடி இருக்கும் எனக்கு?

மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்க பக்கமெல்லாம் ஒரு முடிவு எடுக்கறதுன்னா சாமிகிட்டப் பூக் கேக்கறதுங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால போட்டு, ஏதாச்சும் ஒரு கொழந்தையை விட்டு எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தா சாமி சரீங்குது, செவப்பு வந்தா வேண்டாங்குது. எங்க கண்ணாலத்துக்கே அப்பிடித்தான் கேட்டாங்க, வெள்ளைதான் வந்துச்சு. கட்டிக்கிட்ட பொறவும் அப்பிடித்தான். பொண்டாட்டி ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன், வாய்ச்சண்டை வரும், சரி அம்மனையே கேட்டுருவோம்னு போயிருவோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நாலு வருசத்துக்கு முன்னால அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலை வந்துச்சுங்க. பி.காம் படிச்சவ. போறேன்னா. நான் மத்தியானம் மேடையில இருந்து சோத்துக்கு வந்தா ஊடு பூட்டிக் கெடக்கோணுமாக்கும்? வேண்டான்னேன். பூக் கேக்கலாமுன்னா. சரின்னு நானே பூ வாங்கி, நானே பொட்டலங் கட்டிக் கொண்டுபோனேன். செவப்பு வந்துச்சு. விட்டுட்டா.

உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ. ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளியைத்தான் வெச்சேன். அப்பிடிப் பாக்காதீங்க. அவளுக்கு அப்ப முதுகு வலி வேற இருந்துச்சு. பஸ் ஏறி எறங்கி அவ கஷ்டப்படோணுமா? அவ நல்லதுக்குத்தான் பண்ணுனேன். நல்லதுக்குப் பண்றதும் ஏமாத்தறதும் ஒண்ணாயிருமா?

அந்தத் தடவைக்குப் பொறவு பூக் கேக்கலாம்னு நானே கூப்பிட்டாலும் வர மாட்டேன்னுட்டா. சின்ன விசயத்துக்கெல்லாம் சாமியைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்கன்னா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுது.

அதுக்கு மறு வருசந்தான் இந்தப் பெட்டி ஊட்டுக்கு வந்துச்சு. எங்களுக்கு ஒரே பொண்ணுங்க, நந்திதான்னு பேரு, அப்பப் பத்தாவது. அவ பொறந்த நாளுக்குன்னு ஈரோட்டுல ஒரு கடையில வாங்கியாந்தேன். அவ ரெண்டு நாளு ஆடிட்டு, போரடிக்குதுப்பான்னு தூக்கிப் போட்டுட்டு போனை எடுத்துக்கிட்டா. வாங்கினது வீணாப் போவுதேன்னு நானும் கலாமணியும் ஒரு நாளு சாயங்காலம் உக்காந்தோம். பெட்டி நான் புடிச்சுக்கிட்டேன், வயரை அவகிட்டக் குடுத்தேன். சண்டை ஆட்டம். மூணு ரவுண்டுல ரெண்டு ஜெயிச்சாப் போதும்.

மொத நாளு அவ ஜெயிச்சா. மறு நாளும் அவதான். மூணாம் நாளும் அவதான். அவளுக்குக் கையி பழகலைன்னுதான் சொல்லுவா, ஆனா எப்பிடியோ நம்ம ஆளு கீழ கெடப்பான். நாலாம் நாளு எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்து பக்கத்துல இருந்த கொழம்புக் கிண்ணத்தைச் செவுத்துல அடிச்சுப்போட்டேன். கோவம்னா பெரிய கோவமில்லைங்க. சுண்ணாம்பு அடிச்ச செவுரு, இன்னமும் மஞ்சக் கறை இருக்குது. அவ வந்து தொடைச்சா. பாப்பா உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. அது வேற கதை, விடுங்க.

ஆனா பாருங்க, அதுக்கு மறு நாள்ல இருந்து எனக்கு ஆட்டம் புடிபட்டுப் போச்சு. ஒரே நாள்ல. எப்பிடின்னு கேக்காதீங்க, சில பேருக்கு அப்பிடி வரும். நம்ம ஆளு ஒரு எத்து எத்தினா அவ ஆளுக்கு உசுருக் கோடு பாதி போயிரும். தலைக்கு மேல பச்சையா ஒரு கோடு இருக்குமுங்க, அது தீந்துட்டா ஆளு அவுட்டு. அவ என்னைய எத்தனை அடிச்சாலும் என்ற கோடு கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறையும். ஏன்னா நான் ஒதுங்கறேன்ல. நமக்கு இத்தனை நாளும் தெரியாமப் போச்சே, கையில ஒரு வித்தை இருந்திருக்குதேன்னு எனக்கே பூரிப்பு.

அப்பத்தான் நான் சொன்னேன். கலா, பூவெல்லாம் வேண்டாம், இனி எதுன்னாலும் இதுலயே பாத்துக்கலாம். ஜெயிச்சவங்க சொல்றது முடிவு. பூவைக்கூட எவனாச்சும் மாத்தி வெச்சுருவான், மெஷின் பொய் சொல்லாதுன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. சரீங்கன்னா.

நாயமான ஏற்பாடுங்க. எந்த ஊட்டுல இப்பிடிப் பொண்டாட்டிக்குச் சரிசமமா சான்ஸ் குடுப்பான் சொல்லுங்க? அவ வண்டி ஓட்டப் பழகோணும்னா. ஆடுனோம், தோத்தா. வண்டி எதுக்கு, நான் இல்லையா கூட்டிட்டுப் போக. மகளிர் குழுவோட ராமேஸ்வரம் போறேன்னா. ஆடுனோம், தோத்தா. அவ அம்மாவுக்குக் கண் ஆபரேசன், பத்து நாளு இருந்துட்டு வரேன்னா. ஆடுனோம். தோத்தா, ரெண்டு நாள்ல வந்துட்டா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசினதில்லை. ஆட்டம் முடிஞ்சா வயரை வட்டமாச் சுத்தி, ரப்பர் போட்டு, பெட்டிக்குள்ள வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிருவா.

அவளும் ஜெயிச்சிருக்காங்க, இல்லைங்கலை. குருட்டாம்போக்குல நாலு தடவை. பாப்பாவுக்குப் பல்லுக்குக் கம்பி போடறதுக்கு ஒருக்கா. பாப்பா முடியைக் கழுத்தோட வெட்டிக்கறேன்னு நின்னதுக்கு ஒருக்கா. பாப்பா நீச்சல் பழகறேன்னதுக்கு. அப்பறம் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வைக்கறதுக்கு. நான் இங்கயே பக்கத்துக் காலேஜ்ல போடலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு அவளுக்கு அதிர்ஷ்டம், எனக்குக் கையி வேர்த்துப் போச்சு. ரெண்டு நாளு சோறு உங்காமப் படுத்துக் கெடந்தேன். கோவமெல்லாம் இல்லைங்க, வயிறு சரியில்லை. ஆனா வாக்கு மாறலை. சேத்து வுட்டேன்.

முடிவு எடுக்கறதுக்குன்னு இல்லை, சும்மாவும் தெனம் சாயங்காலம் அரை மணி நேரம் ஆடுவோம். மேடையை மச்சினங்கிட்டப் பாத்துக்கச் சொல்லிட்டு ஆறு மணிக்கு வந்துருவேன். டீ குடிப்போம், ஆடுவோம். நான் ஜெயிப்பேன். அவ, அட இன்னைக்கும் போச்சா அப்பிடிம்பா. சிரிப்பா. உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும், நாள் முழுக்க லாரிக்காரனுகளோட கத்திட்டு வரவனுக்கு அந்த அரை மணி நேரந்தானுங்க நாளே. மனசு அப்பிடி நெறைஞ்சு கெடக்கும். அதையும் சேத்துத்தான் பொய்யாக்கிட்டா.

இந்தக் குதிக்கற ஆட்டம் இருக்குதே, அது அவ தனியா ஆடுவா. முயலாட்டம் ஒரு உருவம், அது பாட்டுக்கு ஓடும், குழி வந்தாத் தாண்டோணும், மேல ஒரு பலகை நகரும், அதுல ஏறோணும். ஒரு நாளு நானும் ஆடிப் பாத்தேன். மொதக் குழியிலயே விழுந்துட்டேன். பதினஞ்சு தடவை விழுந்தேன். யாரையும் அடிக்க முடியாது, நீயாத் தாண்டிப் போவோணும், இதெல்லாம் ஒரு ஆட்டமா? அவளுக்கு அதுதான் இஷ்டம். மத்தியானம் பாத்திரம் கழுவி வெச்சுட்டு உக்காந்துக்குவா. ஒரு நாளு மேடைக்குப் போன் பண்ணுனா, ஏனுங்க, கடேசி ஸ்டேஜ் முடிச்சுட்டேங்க, எட்டு மாசம் ஆச்சுங்கன்னு. லோடு நிக்குது, வைன்னு வெச்சுட்டேன். அப்பறம் அதைப் பத்தி அவ பேசலை, நானும் கேக்கலை.

ஜன்னலை வேணும்னா சாத்திக்குங்க, காத்து எச்சா வருது.

இப்பத்தான் விசயத்துக்கு வரேன். பாப்பா ஹாஸ்டலுக்குப் போனதும் கலாமணி ஒரு மாதிரி ஆயிட்டா. ஆடி மாசம் ஒரு நாளு காயிதத்தைக் கொண்டுவந்து நீட்டறா. உடுமலையில ஒரு பொம்பளைப் புள்ளைங்க ஹாஸ்டல், வார்டன் வேலை, அங்கயே தங்கோணும், சனிக்கிழமை ஊட்டுக்கு வரலாம். எனக்குத் தெரியாம எழுதிப் போட்டு, எனக்குத் தெரியாம நேர்ல போயிப் பேசிட்டு வந்திருக்கா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வேண்டான்னேன். ஆடலாமுங்கன்னா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. வா, ஆடலாம்.

பெட்டியை எடுத்துட்டு உக்காந்தேன். அவ வயரைப் புடிச்சா. அன்னைக்கு டீ கூடப் போடலை. மொத ரவுண்டு ஆரம்பிச்சுது. ஏனுங்க, நான் பட்டனை அமுக்கறதுக்குள்ள நம்ம ஆளு மல்லாந்து கெடக்கறான். எந்திரிக்கறான், திரும்ப விழறான். அவ ஆளு பின்னால போவுது, குதிக்குது, தலைக்கு மேல தாண்டி அந்தப் பக்கம் போயி அடிக்குது. நான் எத்தறது எல்லாம் காத்துலதான் போவுது. அவளோட பச்சைக் கோடு ஒரு நூல் கூடக் குறையலை. ரெண்டாவது ரவுண்டும் அதே. ஒரு அடி, ஒரே ஒரு அடி, நான் அவளை அடிக்கலைங்க. அவ மொகத்தைப் பாத்தேன். சிரிக்கலை, கோவமில்லை. அரிசியில கல்லுப் பொறுக்கறப்ப ஒரு மொகம் இருக்குமே, அப்பிடி இருந்தா.

முடிஞ்சுது. வயரை வட்டமாச் சுத்தறா. இத்தனை ஆடத் தெரிஞ்சவ இத்தனை நாளு ஏண்டி தோத்தேன்னேன். அவ ரப்பரை மாட்டிக்கிட்டே சொன்னா:

“நீங்க ஜெயிச்சா ஊடு நல்லாருக்குமுங்க. அதான்.”

அப்பிடியே அறைஞ்ச மாதிரி ஆயிப்போச்சுங்க. அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்? மூணு வருசம் தெனம் சாயங்காலம் ஜெயிச்சனே, அதெல்லாம் என்ன? பிச்சையா? நான் கத்துனேன், ஒத்துக்கறேன். ஏமாத்துக்காரி, கூட இருந்தே குழி பறிச்சுட்டியே, ஒரு ஆம்பளையை வெச்சு இப்பிடியா வெளையாடறதுன்னு கத்துனேன். கிண்ணத்தை எல்லாம் எடுக்கலைங்க, சும்மா கத்துனேன். அவ எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னா. நான் மூச்சு வாங்கி நிறுத்துனதும் சொன்னா:

“ஏனுங்க, அன்னைக்குக் கோயில்ல கொழந்தை எடுக்காம விட்ட பொட்டலத்தை நான் பிரிச்சுப் பாத்தேனுங்க. அதுலயும் செவப்புதான் இருந்துச்சு.”

அவ்வளவுதான். உள்ள போயிட்டா. சோறு போட்டு வெச்சிருக்கேன்னு சத்தம் மட்டும் வந்துச்சு.

நாலு வருசமுங்க. நாலு வருசம் அதை மனசுல வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா. ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், ஆமா வெச்சேன், உன்ற நல்லதுக்குத்தான்னு. கேக்காம இருந்தது அவ தப்பா, என்ற தப்பா? நீங்களே சொல்லுங்க. பேசாமயே இருந்து பழி வாங்கறவளை என்ன பண்றது?

மறு திங்கக்கிழமை துணிப் பொட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. ஜெயிச்சவங்க சொல்றதுதானுங்களே முடிவுன்னா. நான் வாசல்ல நின்னு, போறதானா அங்கயே இருந்துக்க, சனிக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு இங்க வந்து நிக்காதேன்னேன். கோவத்துல சொல்றதுதான், எல்லாரும் சொல்றதுதான். அவ அதை அப்பிடியே எடுத்துக்கிட்டா. ஆறு சனிக்கிழமை போச்சுங்க. வரலை. போன் பண்ணுனா எடுக்கறா, உண்டீங்களாங்கறா, மாத்திரை போட்டீங்களாங்கறா. எப்ப வருவேன்னு நான் கேட்டா, நீங்கதானுங்களே வரவேண்டான்னீங்கங்கறா.

பாப்பாகிட்டச் சொன்னேன், உங்கம்மா பண்ணுனதைப் பாத்தியான்னு. அப்பா, எனக்கு அஞ்சாவது நாளே தெரியும்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டா. என்ன தெரியும், எதைத் தெரியும்? பொண்ணும் அவ பக்கம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒரு அடி கூட விழாம எப்பிடி ஒருத்தன் தோப்பான்? மெஷின்ல கோளாறு இருக்கும்னு, போன வாரம் எடுத்துட்டு ஈரோட்டுக்கு அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரரு டிவியில மாட்டிப் பாத்தாரு. மெஷின் நல்லாத்தான இருக்குதுன்னு உள்ள எங்கயோ ஆப்ஷனுக்குள்ள போனாரு. போயிட்டு, கடையில நாலு பேரு நிக்கறப்ப, சத்தமாக் கேக்கறாருங்க.

“ஏனுங்க, ஊட்ல கொழந்தைங்க ஆடறாங்களா? ஒண்ணாம் ஆட்டக்காரருக்கு எட்டு ஸ்டார் போட்டு வெச்சிருக்குது, ரெண்டாம் ஆட்டக்காரருக்கு ஒண்ணுதான் இருக்குது.”

அப்பிடின்னா என்னன்னேன். சின்னப் புள்ளைங்க பெரியவங்களோட ஆடறப்ப அழுவாம இருக்கறதுக்கு வெக்கறதுங்களாம். எட்டு ஸ்டார்க்காரன் ஒரு அடி அடிச்சா எதிராளிக்குப் பாதி உசுரு போயிருமாம், அவன் வாங்கற அடி மட்டும் தூசி மாதிரியாம். ஒருக்கா வெச்சுட்டா அணைச்சாலும் அப்பிடியே இருக்குமாம். சுத்தி நின்னவனுக என்ற மீசையைப் பாக்கறானுக, பெட்டியைப் பாக்கறானுக. ஆமாங்க, கொழந்தைதான், மூணு வயசுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல.

அந்தக் கிண்ணத்தை அடிச்ச ராத்திரியோ மறு நாளு காலையிலயோ வெச்சிருக்கா. அது மட்டும் எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அதை எடுத்து வுடுங்கன்னேன் கடைக்காரரை. ரெண்டு பக்கமும் சமமா வெச்சுக் குடுத்தாரு. அங்கயே நின்னு மெஷினோட ஆடுனேன். மொத ஆளுகிட்டயே தோத்தேன். திரும்ப ஆடுனேன், தோத்தேன். மொத ஆளுங்க, அவன் சும்மா கையைக் கையை வீசிட்டு நிக்கறவன், அவங்கிட்ட நாலு தடவை. கடைக்காரரு பாத்துட்டே இருக்கறாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோவத்துல வந்த தண்ணிங்க. பழையபடியே போட்டுக் குடுத்துருங்க, கொழந்தை அழுவும்னேன். போட்டுக் குடுத்துட்டாரு.

எடை மேடைக்காரன் சொல்றேன், எனக்கு வேணுங்கறது நேர்மையா ஒரு ஆட்டம். அவ்வளவுதான். நேத்துச் சாயங்காலம் போன் பண்ணுனேன். கலா, ஒரே ஒரு ஆட்டம், நான் பெட்டியை எடுத்துட்டு அங்கயே வரேன், நீ தோத்தா மறு பேச்சுப் பேசாம ஊட்டுக்கு வந்துரோணும்னேன். நீங்க தோத்தா என்னங்கன்னா. தோக்க மாட்டேன்னேன். பொறவு சொன்னா, வாங்க, விசிட்டர் ரூம்ல டிவி இருக்குது, புள்ளைங்களும் பாக்கோணுங்கறாங்க. ஆனா இந்தத் தடவை பெட்டி நான் புடிச்சுக்கறேன், வயரை நீங்க புடிச்சுக்குங்கன்னா.

நானும் வேகத்துல சரின்னு சொல்லிட்டேன். போனை வெச்ச பொறவுதான் உறைச்சுது. பெட்டி அவ கையில இருந்தா ஒண்ணாம் ஆட்டக்காரரு அவளாயிருவா. எட்டு ஸ்டாரும் அவளுக்கு. எனக்கு ஒண்ணு. ஒரு ஸ்டார் வெச்சுக்கிட்டே என்னைய அந்த அடி அடிச்சவ. எத்தனை வஞ்சம் பாருங்க. நாப்பது புள்ளைங்க வேற பாப்பாங்க.

ஊடு வெறிச்சுக் கெடக்குதுங்க. ஆறு மணிக்கு வந்து டீயை நானே போட்டுக்கிட்டு டிவி முன்னால உக்காந்தா கையி தானா வயர் இருந்த எடத்துக்குப் போவுது. எனக்கு அவ வந்துரோணும். வேற ஒண்ணும் வேண்டாம். வந்து, அட இன்னைக்கும் போச்சான்னு ஒருக்கா சொன்னாப் போதும். வெசனத்தைச் சொல்லிப் பொலம்பறவன் இல்லை நான், கேட்டீங்கன்னு சொல்றேன்.

அதனாலதான், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, ஒரு சின்ன உதவி. இந்தாங்க, பெட்டியைப் புடிங்க. இங்க அமுக்கினா ஆப்ஷன் வரும், எல்லாம் இங்கிலீசுல இருக்குது, எனக்குக் கண்ணாடி இருந்தாலும் புரியறதில்லை. ஒண்ணாம் ஆட்டக்காரருக்கு எட்டு இருக்குதுங்களா? இருக்குதில்ல. அந்த எட்டை ரெண்டாம் ஆட்டக்காரருக்கு மாத்திருங்க. ஒண்ணை அவளுக்குப் போட்டுருங்க. அரை நிமிச வேலைதான். எறங்கறதுக்குள்ள பண்ணிட்டீங்கன்னா அவளுக்குத் தெரியவே போறதில்லை. அவ நல்லதுக்குத்தானுங்க, அங்க போயி யாரு புள்ளைங்களுக்கோ கஞ்சி ஊத்திட்டு.

ஏனுங்க, பெட்டியை ஏன் திரும்ப என்ற மடியிலயே வெக்கறீங்க?

எந்திரிக்கறீங்க? உடுமலைன்னுதான சொன்னீங்க, இது குடிமங்கலம் நால்ரோடுங்க, இன்னும் தூரம் கெடக்குது. முன்னால சீட்டும் காலி இல்லையே, நின்னுட்டுத்தான் போவோணும்.

சரி, போங்க. போங்க. நாயத்தைப் பேசினா ஒருத்தரும் பக்கத்துல உக்கார மாட்டீங்கறாங்க.